முன் பிரேக்கைத் தொடாதே என்று சொல்லிக்கொடுப்பவர்களுக்கு

ஸ்பேனர்காரன்:
புதிதாக வண்டி எடுப்பவர்களுக்கு என்று நெடுஞ்சாலை அண்ணன் நேற்று ஒரு பட்டியல் போட்டிருந்தார். ஹெல்மெட் பட்டையை இறுக்கிப் போடு, டயர் சூடாகும் முன் காற்றைப் பார், செயினுக்கு எண்ணெய் விடு. எல்லாம் சரி. நடுவில் ஒரு வரி: "முதல் ஒரு வருடம் முன் பிரேக்கைத் தொடவே தொடாதே, பின் பிரேக் போதும்." அதற்குக் கீழே வரிசையாகப் பாராட்டு வேறு. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இதை நம்பி ஒரு பிள்ளை ரோட்டில் இறங்கினால் என்ன ஆகும்?

பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்குவது கண்ணுக்கே தெரியும். ஆள் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு சக்கரத்துக்கும் ஏறக்குறைய பாதிப் பாதி எடை. பலமாக நிறுத்தும்போது 80 சதவீதத்துக்கு மேல் முன் சக்கரத்துக்குப் போய்விடும். பின் டயர் தரையைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். அதைப் போட்டு மிதித்தால் வண்டி நிற்காது, சறுக்கும். 60 கிலோமீட்டர் வேகம், காய்ந்த தார் ரோடு, நல்ல டயர்: பின் பிரேக் மட்டும் என்றால் நிற்கச் சுமார் 40 மீட்டர். இரண்டையும் ஒழுங்காகப் பிடித்தால் சுமார் 20. சுதாரிக்கும் ஒரு விநாடியில் ஓடிவிடும் பதினாறு, பதினேழு மீட்டர் இதில் சேராது. அந்த 20 மீட்டர் வித்தியாசத்தில் ஒரு லாரியே குறுக்கே நிற்கலாம்.

நெடுஞ்சாலை:
தம்பி, கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு வாருங்கள். நீங்கள் பட்டறையில் வண்டியைப் பிரித்து மாட்டுபவர். நான் ஓட்டுபவன். புதியவனுக்கு முன்னால் திடீரென்று ஒரு கார் திரும்பினால் அவன் உங்கள் சதவீதத்தை நினைத்துக்கொண்டிருக்க மாட்டான். கையில் கிடைத்ததை இறுக்குவான். முன் சக்கரம் சுழலாமல் லாக் ஆனால் தரையில் விழுந்த பிறகுதான் விழுந்ததே தெரியும். பின் சக்கரம் லாக் ஆனால் வால் கொஞ்சம் ஆடும், காலை எடுத்தால் நேராகிவிடும். நான் சொல்லிக்கொடுத்து ஓட்டுகிறவர்கள் யாரும் இதுவரை முட்டி தேய்ந்து வந்ததில்லை.

மிதிக்கட்டை:
அண்ணன் சொல்வதுதான் சரி. மணலில் முன் பிரேக்கைப் பிடித்துப் பார்க்கட்டும் இந்த ஸ்பேனர்.

ஸ்பேனர்காரன்:
மணலைப் பற்றி யார் பேசினார்கள்? மணலில் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அதற்காக வருடம் முழுக்கத் தார் ரோட்டில் தொடாதே என்றா சொல்வது?

"காலை எடுத்தால் நேராகிவிடும்" என்று அண்ணன் இவ்வளவு சுலபமாக எழுதுவதுதான் பயமாக இருக்கிறது. பின் சக்கரம் ஒரு பக்கமாகப் போன பிறகு காலைச் சட்டென்று எடுத்தால், டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டி வெடுக்கென்று நிமிரும். ஆளை எதிர்ப்பக்கம் தூக்கி எறியும். சறுக்கி விழுவதைவிட மோசமான விழுகை அது. உங்கள் மாணவர்கள் விழவில்லை என்றால் அவர்கள் முன்னால் இன்னும் கார் திரும்பவில்லை என்று அர்த்தம்.

கையில் கிடைத்ததை இறுக்குவான் என்கிறீர்கள். அதனால்தான் முதல் நாளிலிருந்தே கையைப் பழக்க வேண்டும். லிவரில் இரண்டு விரல். முதலில் லூஸ் தீரும் வரை இழு. பிரேக் பேட் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைத் தொடுவது விரலில் தெரியும். ஃபோர்க் மெதுவாக அமுங்கி உட்காரும். அது உட்கார்ந்த பிறகு அழுத்தத்தைக் கூட்டு. ஆளில்லாத இடத்தில், 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, கை தானாகச் செய்யும் வரை இதைச் செய்ய வேண்டும். வருடம் முழுக்கத் தொடாத லிவர், ஆபத்து வரும் அன்றைக்கு எப்படிக் கைக்கு வரும்?

புதுலைசென்ஸ்:
வணக்கம், நான் போன வாரம்தான் வண்டி எடுத்தேன். ஏபிஎஸ் இருந்தால் முன் பிரேக்கைத் தைரியமாகப் பிடிக்கலாமா? என்னுடையது சிங்கிள் சேனல் என்று போட்டிருக்கிறது.

ஸ்பேனர்காரன்:
நல்ல கேள்வி தம்பி. ஏபிஎஸ் என்பது பலமாகப் பிடித்தாலும் சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. சிங்கிள் சேனல் என்றால் பெரும்பாலும் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் ஏபிஎஸ். பின் சக்கரம் லாக் ஆகும், அதற்குக் காவல் கிடையாது. உங்கள் வண்டியில் நெடுஞ்சாலை அண்ணன் பேச்சைக் கேட்டால் பாதுகாப்பு உள்ள பிரேக்கை விட்டுவிட்டு, இல்லாததை மிதிப்பீர்கள். ஒரே ஒரு சக்கரத்துக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால் கம்பெனிக்காரன் முன் சக்கரத்துக்குச் செய்கிறான். தொடாமல் வைத்திருக்கவா?

நெடுஞ்சாலை:
அடடா, நீங்களே என் வேலையைச் செய்துவிட்டீர்கள். முன் சக்கரம் லாக் ஆனால் ஆள் காலி என்று கம்பெனிக்காரனுக்கே தெரிந்துதான் அங்கே ஏபிஎஸ் வைக்கிறான். அதைத்தானே நானும் சொல்கிறேன்! ஏபிஎஸ் இல்லாத வண்டி ஓட்டுகிறவன் என்ன செய்வான்? என் பட்டியல் எல்லாருக்கும் பொது.

ஸ்பேனர்காரன்:
எல்லாருக்கும் பொது என்றால் அந்தப் பையனுக்கும் சேர்த்துத்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

இரவுப்பயணி:
இரண்டு பேரும் வேறு வேறு இடத்தைப் பேசுகிறீர்கள் போலத் தெரிகிறது. ஒருவர் வளைவையும் மணலையும் நினைத்துச் சொல்கிறார், இன்னொருவர் காய்ந்த நேர் ரோட்டை. அதை முதலில் பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீருமே?

நெடுஞ்சாலை:
நான் எந்த இடத்தையும் பிரிக்கவில்லை. புதியவனுக்கு முன் பிரேக் வேண்டாம். அவ்வளவுதான்.

ஸ்பேனர்காரன்:
பார்த்தீர்களா? பிரித்துக்கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள மாட்டார்.

நான் பட்டறைக்காரன், ரோடு தெரியாதவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹர்ட் அறிக்கை என்று ஒன்று இருக்கிறது, 1981-ல் வந்தது. அமெரிக்காவில், தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், ஹாரி ஹர்ட் தலைமையில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். விபத்துக்கு முந்தைய கணத்தில் ஓட்டியவர்கள் வழக்கமாகச் செய்த தவறு என்ன தெரியுமா? பின் பிரேக்கை அளவுக்கு மேல் மிதித்துச் சறுக்கியது, முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்காதது. அண்ணன் பட்டியலில் இருக்கும் அதே அறிவுரை. சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தானாகக் கற்றவர்கள், இல்லையென்றால் வீட்டார், நண்பர்களிடம் கற்றவர்கள். "நான் சொல்லிக்கொடுத்தவர்கள்" என்று பெருமைப்படும் முன் இதை ஒருமுறை படியுங்கள்.

மிதிக்கட்டை:
1981 ஆம்! அப்போது அவர்கள் ஓட்டியது ஒரு ரகம், இப்போது ஓடுவது வேறு ரகம். அடுத்து மாட்டு வண்டி அறிக்கையைக் கொண்டுவருவார்.

ஸ்பேனர்காரன்:
எடை முன்னால் சாய்வதை எந்த வருடம் நிறுத்தினார்கள், சொல்லுங்கள். வண்டி மாறியது, டயர் மாறியது, 1988-ல் பிஎம்டபிள்யூ கே100-ல் ஏபிஎஸ்ஸே வந்துவிட்டது. பலமாகப் பிடித்தால் முன்பக்கம் அமுங்குவது மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

நெடுஞ்சாலை:
அறிக்கை எழுதியவர் வந்து என் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும். நான் வேகத்தைக் கட்டுப்படுத்துவது என்ஜின் பிரேக்கில்தான். ஆக்ஸிலரேட்டரை விடு, கியரைக் குறை, கடைசியில் பின் பிரேக். கிளட்சைத் தொடக்கூடாது. போக்குவரத்தில் தள்ளி நின்று ஓட்டுகிறவனுக்கு அவசர பிரேக்கே தேவைப்படாது. முன்னால் போகிற வண்டியின் பின்சக்கரத்தைப் பார்க்காதே, அதற்கும் முன்னால் என்ன நடக்கிறது என்று பார். இதையும் என் பட்டியலில்தான் எழுதியிருக்கிறேன். அதைப் பற்றி ஒருவர் வாயைத் திறக்கவில்லை.

ஸ்பேனர்காரன்:
தள்ளி ஓட்டுவதை யாரும் மறுக்கவில்லை, அதை ரொம்ப நன்றாகவே எழுதியிருந்தீர்கள். நீங்கள் இடைவெளி விடலாம். சந்திப்பில் எதிரே வருகிற கார் உங்களைப் பார்க்காமல் திரும்பினால் இடைவெளியை யார் விடுவது? அந்த நேரத்தில் பிடிக்க வேண்டியது முன் பிரேக்.

கிளட்சைத் தொடக்கூடாது என்பது அடுத்த தப்பு. மெதுவாகக் குறைக்கும்போது என்ஜின் பிரேக் நல்லதுதான். அவசரமாக நிறுத்தும்போது கிளட்சை இழுக்க வேண்டும். இல்லையென்றால் என்ஜின் இழுப்பும் சேர்ந்து பின் சக்கரத்தைச் சறுக்க வைக்கும், கடைசியில் வண்டி ஆஃப் ஆகும். நின்றவுடன் முதல் கியரில் இருக்க வேண்டும். பின்னால் வருகிறவன் நிற்கவில்லை என்றால் ஓரமாக ஓடித் தப்ப அதுதான் வழி.

நெடுஞ்சாலை:
கிளட்சைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள். போன முறை கார் என்ஜின் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் சறுக்கும் என்று மூன்று பக்கம் எழுதியவர்தானே? நான் ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை.

ஸ்பேனர்காரன்:
இன்னும் அதை விடவில்லையா? இன்றைக்கும் அதையே சொல்கிறேன். மோட்டார் சைக்கிளில் கிளட்ச் பெரும்பாலும் என்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கிறது. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள். அதனால்தான் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று, ஆயிலில் ஊறும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக்குறி, இருக்கிறதா பார் என்கிறோம். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் நல்லது. புதியவனுக்குச் சொல்லாதீர்கள்.

புதுலைசென்ஸ்:
செயினை எப்படிச் சுத்தம் செய்வது என்று யாராவது சொல்வீர்களா?

மிதிக்கட்டை:
சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முதல் கியரில் ஓடவிட்டு, பிரஷ்ஷைப் பிடித்தால் போதும் தம்பி. பெட்ரோலில் நனைத்த பிரஷ். இரண்டு நிமிட வேலை.

இரவுப்பயணி:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்! ஓடுகிற செயினில் துணியோ பிரஷ்ஷோ மாட்டினால் விரல் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டுக்குள் போய்விடும். என்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அப்போதும் விரல் ஸ்பிராக்கெட் பக்கம் போகக்கூடாது.

ஸ்பேனர்காரன்:
பெட்ரோலும் வேண்டாம். செயினில் ஓ-ரிங் இருந்தால் அந்த ரப்பரைக் கெடுக்கும், தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. மண்ணெண்ணெய் போதும். துடைத்துக் காயவிட்டு, செயின் லூப்போ கியர் ஆயிலோ உள்பக்கமாக விடுங்கள். சுற்றும்போது அது தானாக வெளியே பரவும். டயரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செயின் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் பல வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். உங்கள் வண்டிக்குச் சரியான அளவு கையேட்டில் இருக்கும். ரொம்ப டைட்டாக வைத்தால் பேரிங் போகும்.

அப்படியே பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் முன் பிரேக் காலிப்பருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பேடின் நடுவில் ஒரு பள்ளக் கோடு தெரியும். அது மறையும் அளவு தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் லிவர் பஞ்சு மாதிரி அமுங்கும். முன் பிரேக்கைத் தொடாதே என்று சொல்கிறவர் இதையெல்லாம் பார்க்கச் சொல்லவே மாட்டார். தொடாத பிரேக்குக்குப் பேட் எதற்கு?

நெடுஞ்சாலை:
என் முன் பேட் புதிதாக இருக்கிறது. அதுதான் நான் ஒழுங்காக ஓட்டுகிறேன் என்பதற்குச் சாட்சி.

ஸ்பேனர்காரன்:
அதுதான் எனக்குச் சாட்சி! பின் டயரைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். லாக் ஆகி இழுபட்ட டயரில் ஒரு இடம் மட்டும் தட்டையாகத் தேய்ந்து பளபளவென்று இருக்கும். பட்டறைக்கு வருகிற வண்டியில் அதைப் பார்த்தாலே இவர் பின் பிரேக் மட்டும் மிதிக்கிறவர் என்று தெரிந்துவிடும்.

நெடுஞ்சாலை:
என் டயரை நீங்கள் பார்த்தீர்களா? பார்க்காமல் பேசுவதே உங்கள் வழக்கம். ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பட்டியல் முழுவதையும் குப்பை என்கிறீர்கள். மழையில் ரோட்டுக் கோடுகளின் மேல் பிரேக் பிடிக்காதே என்று எழுதினேன். புது டயர் வழுக்கும், முதல் 150 கிலோமீட்டர் நிதானமாகப் போ என்று எழுதினேன். கண்ணில் பட்டது ஒரே வரி.

ஸ்பேனர்காரன்:
ஆளைக் கொல்லும் வரி அதுதான். மற்ற வரிகள் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு இதையும் நம்பிவிடுவார்கள். எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறேன், வேறொன்றும் இல்லை.

நெடுஞ்சாலை:
எடுக்க மாட்டேன்.

ஸ்பேனர்காரன்:
அப்படியென்றால் அந்தப் பட்டியலை நீங்கள் எங்கே போட்டாலும் இந்த 20 மீட்டர் கணக்கை நானும் கீழே போடுவேன். புதுலைசென்ஸ் தம்பி, நாளைக்கே ஆளில்லாத இடத்தில் லிவரைப் பழகுங்கள். கையுறை போட்டுக்கொண்டு பழகுங்கள், அப்போது விரல் வேறு மாதிரி உணரும்.

மிதிக்கட்டை:
பெட்ரோல் ஓ-ரிங்கைக் கெடுக்கும் என்கிறாரே, என் செயினில் ஓ-ரிங்கே இல்லை. அதற்கு என்ன பதில்?