துண்டுத்துணி தைப்பவர்களே, உங்களுக்கு டிசைன் எங்கிருந்து வருகிறது?

கல்லடியிலிருந்து

டிசைனை எங்கே தேடுவது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் தையல்காரர் அல்ல. அட்டாளைச்சேனைப் பக்கம் பன் என்ற கோரைப்புல்லில் பாய் இழைக்கும் ஒரு ராத்தா (முஸ்லிம் அக்கா). நான் தைத்துக் கொண்டுபோன கட்டில் விரிப்பை அவர் விரித்துப் பார்த்தார். முன்பக்கத்தில் கண் அதிக நேரம் நிற்கவில்லை. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், ஓரத்தைத் தடவினார், பிறகு சிவப்பும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்தார். "இஞ்ச ரெண்டும் சண்ட பிடிக்குது தங்கச்சி. எங்கட பாயப் பாருங்க, இப்படி இருக்காது."

உண்மைதான். சாயம் போட்ட சிவப்புப் பன் ஒரு பக்கமாகப் போகிறது, பச்சைப் பன் அதைக் குறுக்கே கடக்கிறது. கடக்கும் இடத்தில் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக மாறி மாறி வருவதால், தள்ளி நின்று பார்த்தால் அந்தக் கட்டம் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, மண்ணிறமாகத் தெரிகிறது. பாய் இழைக்கிறவருக்கு இந்த மூன்றாவது நிறம் தானாகவே கிடைத்துவிடும். வெட்டித் தைக்கிற நமக்குக் கிடைக்காது. சிவப்புத் துண்டுக்குப் பக்கத்தில் பச்சைத் துண்டை வைத்தால் அது பச்சையாகவே நிற்கும். நடுவில் வைக்க இன்னொரு துணியை நாமே தேட வேண்டும்.

அந்தத் துணி மருதமுனைக் கைத்தறியில் இருக்கிறது. கட்டம் போட்ட சாரம் (லுங்கி) ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெடுக்கே போகும் சிவப்புப் பாவு நூலைக் குறுக்கே பச்சை ஊடை நூல் கடக்கும் சதுரங்களில் அந்த ராத்தாவின் பாய் நிறமே இருக்கும். இப்போதெல்லாம் முழுநிறத் துணி இரண்டு எடுத்தால், அந்த இரண்டு நிறமும் கலந்த சாரத் துண்டு ஒன்றையும் சேர்த்தே எடுக்கிறேன். ஆனால் தைக்கும் முன் கட்டாயம் தனியாகக் கழுவுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒரு வெள்ளைத் துணியை மேலே வைத்து அயர்ன் பண்ணுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் இன்னும் கழுவ வேண்டும். விரிப்பு முழுதாகத் தைத்து முடிந்த பிறகு சிவப்பு இறங்கினால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

எங்கள் மட்டக்களப்பு என்றால் உடனே, வாவியில் பாடுவதாகச் சொல்லும் பாடுமீனின் படத்தை வெட்டி நடுவில் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு பொருளின் படம் தேவைப்படுவதில்லை. அது எப்படிச் சேர்ந்து நிற்கிறது என்பதுதான் வேண்டும். அதைப் பிடித்துவிட்டால் ஊரைத் துணிக்குள் கொண்டுவர மீனும் வேண்டாம், தென்னைமரமும் வேண்டாம்.

1924 இல் கட்டிய எங்கள் பழைய கல்லடிப் பாலத்தைப் பாருங்கள். இரும்புச் சட்டம் முழுக்க முக்கோணம். 2013 இல் பக்கத்தில் புதுப்பாலம் வந்த பிறகு பெரிய வாகனங்கள் அதில் போகின்றன, பழைய பாலத்தில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். ஒருநாள் காலையில் கொப்பியில் முக்கோணங்களைக் கீறிக்கொண்டு நின்றேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஐயா, "என்ன மகள், பாலத்த அளக்கிறீங்களா?" என்று கேட்டார். காட்டினேன். கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "மேல மட்டும் பாத்தா பாதிதான். காத்தில்லாத நேரம் தண்ணிக்குள்ள பாருங்க" என்றார்.

அன்று கச்சான் காற்று இன்னும் எழும்பவில்லை, வாவி அசையாமல் கிடந்தது. மேலே முக்கோணம், கீழே தலைகீழாக அதே முக்கோணம், இரண்டும் சேர்ந்து சாய்சதுரம். கீழே உள்ளது மட்டும் கொஞ்சம் மங்கல். அதற்கு வேறு துணி தேடவில்லை. அச்சுத் துணியின் பின்பக்கத்தையே முன்னால் வைத்துத் தைத்தேன். நிறம் அதேதான், ஆனால் கழுவி விட்டதுபோல இருக்கும். இதுவரை நான் தைத்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது அந்த விரிப்புதான்.

முக்கோணம் தைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. பாலத்துக்கு முக்கோணம் உறுதி தருகிறது, துணியில் நடப்பது நேரெதிர். மூலைவாட்டில் வெட்டிய பக்கம் கை பட்டாலே இழுபடும். அதனால் முக்கோணமாக வெட்டாதீர்கள். இரண்டு சதுரங்களை நல்லபக்கம் உள்ளே வரும்படி வைத்து, மூலைக்கு மூலை கோடு கீறி, கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்துவிட்டு, அப்புறம் கோட்டில் வெட்டுங்கள். வெட்டும்போதே அந்தப் பக்கத்தைத் தையல் பிடித்திருக்கும். முடிவில் 3 அங்குலச் சதுரம் வேண்டும் என்றால் 3⅞ அங்குலத்தில் வெட்டலாம். நான் 4 அங்குலத்தில் வெட்டி, தைத்த பிறகு ஓரத்தைச் சீராக்குகிறேன்.

சம்மாந்துறையிலிருந்து

கல்லடி அக்கா சொன்னதைப் படித்தபோது எங்கள் சாச்சா (சித்தப்பா) ஞாபகம் வந்தது. அம்பாறைக்குப் போகும் வழியில் இரு பக்கமும் வயல்தான், பெரும்போக நெல் காலத்தில் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் நான் வேறு எங்கும் பார்ப்பதில்லை. முன்னே பின்னே விதைத்திருப்பதால் ஒரு வயல் கடும்பச்சை, பக்கத்தில் இளம்பச்சை, அதற்கடுத்தது மஞ்சள் தட்டத் தொடங்கியிருக்கும். பச்சைத் துணி எத்தனை இருந்தாலும் போதாது.

அதை வைத்து ஒரு விரிப்புக்குத் துண்டுகளை நிலத்தில் அடுக்கி வைத்திருந்தேன். எல்லாம் நீள்சதுரம், நடுவே வரம்புக்குக் கபில நிறப் பட்டி. வயலால் வந்த சாச்சா வாசலில் நின்றபடியே பார்த்து, "வட்டைதானே?" என்றார். வட்டை என்றால் வயல்வெளி. நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பிறகு குனிந்து, "வரம்ப இப்படி நேரா வெச்சா தண்ணி எங்க மகள் நிக்கும்?" என்று கேட்டார். நிலத்தின் மட்டம் எப்படிப் போகிறதோ அப்படித்தான் வரம்பும் வளைந்து போகும், அப்போதுதான் வயல் முழுக்கத் தண்ணீர் ஒரே அளவாக நிற்கும் என்று விரலால் துணிமேலேயே கீறிக் காட்டினார்.

அன்றிலிருந்து வளைவுதான். இரண்டு துணிகளை நல்லபக்கம் மேலே இருக்க ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அளவுகோல் இல்லாமல் கைபோன போக்கில் ஒரு மெல்லிய வளைவு வெட்டுங்கள். மேல்துணியின் இடப்பாதியையும் கீழ்த்துணியின் வலப்பாதியையும் சேர்த்துத் தையுங்கள். ஒரே வெட்டு என்பதால் இரண்டும் பொருந்தும். மிக வளைத்தால் சுருக்கம் விழும், வரம்பு வளைகிற அளவு போதும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து

எனக்கு ஒரு சின்ன மறுப்பு. நடுவில் மூன்றாவது நிறம் வேண்டும் என்று சட்டம் போட வேண்டாம். அமெரிக்காவில் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினப் பெண்கள் வேலைக்குப் போட்டுத் தேய்ந்த உடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வைகளைப் படத்தில் பாருங்கள். நிறங்கள் மோதிக்கொண்டே நிற்கும், அந்த மோதலில்தான் உயிர் இருக்கிறது. 2006 இல் அவற்றை அந்த நாட்டுத் தபால்தலைகளிலேயே அச்சிட்டார்கள். இருந்ததை வைத்துத் தைத்தவர்கள் அவர்கள்.

நானும் அப்படித்தான். தையல் கடைகளில் கூட்டித் தள்ளும் வெட்டுத்துண்டு என்ன நிறத்தில் வருகிறதோ அதுதான் அந்த வாரத்து நிறம். திருவிழாக் காலம் என்றால் பட்டுக்கரை நிறங்கள், பள்ளிக்கூடம் தொடங்கும் காலம் என்றால் ஒரே வெள்ளை. நம்முடைய வெக்கைக்கு உள்ளே பஞ்சு விரிப்பும் வைப்பதில்லை, பழைய பருத்திச் சேலை ஒரு மடி போதும், வாடைக்காற்று நாட்களுக்கும் அது தாங்கும். கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையிலும் இப்படிப் பழைய சேலைதான். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துண்டுகளைப் பூ என்று சொல்லி வைப்பார்கள், பூ இல்லாத போர்வை அவர்களுக்கு முழுமையாகாது.

போன பெரும்போக மழைக்குள் ஒரு பிள்ளை தன் அம்மாவின் சேலைகளைக் கொண்டுவந்தாள். அம்மா இறந்து முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்திருந்தது. ஒரு சேலையில் வெற்றிலைக் கறை. அந்த இடத்தைத் தள்ளி வெட்டவா என்று கேட்டேன். "இல்ல அன்ரி, அதையும் வைங்க" என்றாள். கறை உள்ள சதுரத்தைத் தலைமாட்டுப் பக்கம் வைத்தேன். அவளுக்கும் நான்கு மூலையில் பூ வைத்துக் கொடுத்தேன்.

கல்லடியிலிருந்து, மறுபடியும்

சரி, சட்டம் இல்லை. கீஸ் பெண்ட் போர்வைகளைத் தேடிப் பார்க்கிறேன். ஒன்று சொல்லுங்கள், பழைய சேலை தையல் விழும் இடத்திலேயே கிழிகிறதே, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

களுவாஞ்சிகுடியிலிருந்து

வெட்டுவதற்கு முன்னமே சேலைக்குப் பின்னால் மெல்லிய புதுப் பருத்தித் துணி ஒன்றை வைத்துப் பெரிய ஓட்டுத்தையல் போட்டுவிடுங்கள். பிறகு இரண்டையும் ஒரே துணியாக நினைத்து வெட்டித் தைக்கலாம். தையல் புதுத்துணியில் விழுவதால் சேலைக்கு இழுவை வராது. வெளிச்சத்தில் பிடித்தால் நூல் நூலாகத் தெரிகிற இடங்களை மட்டும் விட்டுவிடுங்கள், அது தாங்காது.