இளவேனில் தொடக்கம், சின்ன ஆறு: ட்ரவுட் மீன் மேலே எழும்பவே இல்லை. நிம்ஃபை (தண்ணிக்குள்ள மூழ்குற போலிப் பூச்சி) எப்படி இறக்குவது?

சிற்றோடை:
ஆறு ஐந்தாறு மீட்டர் அகலம்தான். முழங்காலிலிருந்து இடுப்பு வரை ஆழம், அடியில் கூழாங்கல். தண்ணீர் காலையில் 6 டிகிரி செல்சியஸ், மதியம் 9 வரை ஏறுது. ஃபிளை (போலிப் பூச்சி) கட்டி மீன் பிடிக்கிற ராட் (தூண்டில் கம்பு) 9 அடி, 5 வெயிட் (நடுத்தரக் கனம்). லீடர் (லைன் நுனியில கட்டுற மெல்லிய நரம்பு) 9 அடி, டிப்பெட் (அதோட கடைசி, இன்னும் மெல்லிய துண்டு) 5எக்ஸ். 14ஆம் நம்பர் ட்ரை ஃபிளையை (தண்ணி மேலே மிதக்கிறது) மீன் திரும்பிக்கூடப் பார்க்கலை. 16ஆம் நம்பர் பெசன்ட் டெயில் நிம்ஃப், மேலே மிதவை வெச்சும் ஒண்ணும் கடிக்கலை. ஃபிளையை மாத்தணுமா, நேரத்தை மாத்தணுமா?

மடுக்கரை:
ஃபிளை சரிதான். எடையை மாத்துங்க. 6 டிகிரில ட்ரவுட் மந்தமா இருக்கும், இரையைத் தேடி மேலே ஏறி வராது. அது வாய்க்கு நேரா, தரையை ஒட்டி நிம்ஃப் வந்தாகணும். டங்ஸ்டன் மணி வெச்ச நிம்ஃபா எடுங்க. இல்லேன்னா ஃபிளைக்கு 15–20 செ.மீ. மேலே ஒரு சின்ன ஈயக் குண்டு. மிதவைக்கும் ஃபிளைக்கும் நடுவே தண்ணீரின் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் விடுங்க.

ஃபிளை அடியில போகுதான்னு கண்டுபிடிக்க மேலே மிதக்கிற நுரையைப் பாருங்க. தரையை ஒட்டின ஓட்டம் மேல்மட்டத்தைவிட மெதுவானது. அதனால மிதவை நுரையைவிடக் கொஞ்சம் பின்தங்கணும். நுரையோட சேர்ந்தே போனா ஃபிளை நடுத்தண்ணில தொங்குதுன்னு அர்த்தம். நுரையை முந்தினா லைன் இழுக்குது. உடனே ராட் நுனியால லைனை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் தூக்கிப் போடுங்க. மிதவை ஒரு கணம் தயங்கினாலும் ராட்டை லேசா தூக்கிடணும். குளிர்ந்த தண்ணில கடி அவ்வளவு மெல்லிசா இருக்கும்.

நேரம், காலை 11லிருந்து 3 வரை. ஆனா மேல்பகுதில பனி இருந்தா, வெயில் ஏறின பிறகு உருகின தண்ணி வந்து ஆறு மறுபடி குளிர்ந்துடும். தெர்மாமீட்டரைப் பார்த்து முடிவெடுங்க, கடிகாரத்தை நம்பாதீங்க.

கல்லிடுக்கு:
இடுப்பளவு மடுவுக்கு இதெல்லாம் பொருந்தும். முழங்காலளவு தண்ணீரில் மிதவை விழும் சத்தமே மீனைக் கலைத்துவிடும். அங்கே ட்ரை ஃபிளையையே மிதவையாக்குங்கள். நன்றாக மிதக்கும் 12 அல்லது 14ஆம் நம்பர் ஃபிளை, அதன் கொக்கி வளைவில் 45–60 செ.மீ. டிப்பெட், நுனியில் நிம்ஃப். ட்ரவுட் ஓட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். ஆகவே கீழிருந்து மேல்நோக்கி நகர்ந்து, அதன் முதுகுப் பக்கத்திலிருந்து வீசுங்கள். நிழல் மடுவின் மேல் விழவே கூடாது.

மேகமூட்டமான மதியங்களில் சின்ன ஆலிவ் மேஃபிளை என்ற நீர்ப்பூச்சி (பேட்டிஸ் பேரினம்) வெளிவரும். அதற்கு 14 பெரிசு. 18 அல்லது 20 வேண்டும் (நம்பர் கூடினால் கொக்கி சிறிசு), டிப்பெட் 6எக்ஸ் (5எக்ஸைவிட மெல்லிசு).

இன்னொன்று, இதைத் தயவுசெய்து மறக்க வேண்டாம். சுற்றிலும் பாசி படிந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் சரளை வெளுப்பாகத் துலங்கினால் அது முட்டைக்குழி. ரெயின்போ ட்ரவுட் இளவேனிலில் முட்டையிடும். பிரவுன் ட்ரவுட் இலையுதிர் காலத்தில் இட்டதன் குஞ்சுகள் இப்போதும் கற்களுக்குள் இருக்கலாம். அதன் மேல் கால் வைக்காதீர்கள், அங்கே நிற்கும் மீனுக்கு வீசாதீர்கள்.

சிற்றோடை:
எடை கூட்டினதும் ஒவ்வொரு வீச்சுக்கும் கல்லில் மாட்டுது. இழுத்தா முடிச்சிலேயே அறுந்துபோகுது.

மடுக்கரை:
நாலஞ்சு வீச்சுக்கு ஒருதரம் தட்டினா ஆழம் சரி. ஒவ்வொரு தரமும் மாட்டினா மிதவையை ஃபிளைப் பக்கமா ஒரு சாண் நகர்த்துங்க, அப்பவும் மாட்டினா குண்டைக் குறைங்க. முடிச்சிலேயே அறுகிறதுக்குப் பெரும்பாலும் காரணம், காய்ஞ்ச நரம்பை இறுக்குறதுதான். உரசுற சூட்டுல நரம்பு வலு இழந்துடும். கொக்கியை நரம்போட கட்டுற கிளிஞ்ச் முடிச்சுல அஞ்சு சுற்று போட்டு, எச்சிலால நனைச்சு, மெதுவா இழுங்க. மாட்டினப்போ மேல்நோக்கி நடந்து, மாட்டின இடத்தைத் தாண்டி நின்னு எதிர்ப்பக்கமா இழுத்தா பெரும்பாலும் வந்துடும். எடுத்ததும் கொக்கி முனையை நகத்துல இழுத்துப் பாருங்க. கீறாம வழுக்கினா மழுங்கிடுச்சு, ஃபிளையை மாத்திடுங்க.