ஆலயத்துக் குவில்ட் வகுப்பு: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

நான் (மினியாப்பொலிஸ், அமெரிக்கா): எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் லூத்தரன் ஆலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் வரும் சனிக்கிழமை காலை, தையலே தெரியாதவர்களுக்கான குவில்ட் வகுப்பு தொடங்குகிறது; துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, நடுவில் பஞ்சு வைத்துச் செய்யும் போர்வைதான் குவில்ட். இதுவரை அதை நடத்திவந்த அம்மையார் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஓய்வில் இருப்பதால், கற்பிக்கும் பொறுப்பைப் போதகர் என்னிடம் தந்திருக்கிறார். எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாளிலிருந்தே 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் உள்ள ஒரு முழுப் போர்வையை எல்லோரும் சேர்ந்து தைக்க வேண்டும் என்பது என் எண்ணம். பெரியம்மா, பள்ளியில் இத்தனை காலம் தையல் கற்பித்தவர்கள் நீங்கள், இது சரிப்படுமா என்று சொல்லுங்கள்.

பெரியம்மா (நாகர்கோவில்): உனக்குக் கிடைத்த பொறுப்புக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம், மகளே. ஆனால் ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவர்களிடம் ஆறரை அடி நீளப் போர்வையைக் கொடுத்தால் மலைத்துப்போவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நாங்கள் பிள்ளைகளுக்கு முதலில் ஓட்டுத்தையல், பிறகு காஜா, பிறகு சின்னக் கைக்குட்டை ஓரம் என்றுதான் படிப்படியாகக் கொடுத்தோம். ஒரு திண்டு உறையில் தொடங்கினால் என்ன?

நான்: பெரியம்மா, பள்ளிப் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் உங்கள் கையில் இருந்தார்கள். இங்கே வருகிறவர்கள் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு காலை நேரத்தை ஒதுக்கி வருகிறவர்கள். அழகான மாதிரிக் கட்டங்களைத் தைக்கக் கற்றுக்கொண்டு, அவற்றை ஒரு பையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு போர்வையைக்கூட முடிக்காமல் நின்றுபோனவர்களை இந்த ஆலயத்திலேயே பார்த்திருக்கிறேன். முடித்த ஒரு போர்வையைக் கையால் தொட்டுப் பார்த்தவர் அடுத்ததைத் தொடங்குவார் என்று உறுதியாக நம்புகிறேன்.

அளவையும் நான் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட லூத்தரன் வேர்ல்ட் ரிலீஃப் என்ற நிவாரண அமைப்பு, இங்குள்ள சபைகள் தைத்துத் தரும் குவில்ட்டுகளை அகதிகளுக்கும் பேரிடரில் வீடிழந்தவர்களுக்கும் அனுப்புகிறது. அவர்கள் கேட்கும் அளவுதான் 60க்கு 80. வாங்குகிறவர்கள் அதைப் படுக்கவும் போர்த்திக்கொள்ளவும் மட்டுமன்றிக் கூடாரத்துக்குள் தடுப்பாகத் தொங்கவிடவும் பயன்படுத்துகிறார்கள். ஆகவே பூவேலையைவிடத் தையலின் உறுதியே இங்கே முக்கியம்.

பெரியம்மா: யாருக்குப் போகிறது என்று தெரிந்து தைக்கும்போது கை தானாகவே கவனமாகும், அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் நம் ஊரில் மிஷனரியாக இருந்த மார்த்தா மால்ட் அம்மையார் மிஷன் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததும் பொழுதுபோக்குக்காக அன்று. பின்னியது விலைக்குப் போயிற்று, அந்த வருமானம் பெண்களுக்கு உதவிற்று. அவருடைய மகள் எலிசா 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த லேஸ் வேலையும் கூடவே போயிற்று. சரி, உன் கணக்கைச் சொல்; எத்தனை துண்டு, எந்த அளவு?

நான்: பத்தரை அங்குலச் சதுரங்கள் 48 வெட்டுகிறோம். குறுக்கே ஆறு, நெடுக்கே எட்டு. ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடுவதால் தைத்த பிறகு ஒவ்வொன்றும் பத்து அங்குலமாக நிற்கும். 44 அங்குலப் பன்னா, அதாவது அகலம், உள்ள பருத்தித் துணியில் கரையைக் கழித்துவிட்டால் ஒரு கஜத்துக்குப் பன்னிரண்டு சதுரம் கிடைக்கும். மொத்தம் நான்கு கஜம் போதும். அடித்துணிக்கு ஒரு நல்ல பெட்ஷீட், நடுவில் பஞ்சு விரிப்பு, அவ்வளவுதான். முக்கோணமோ வளைவோ எதுவும் இல்லை. நேர்க்கோட்டுத் தையல் மட்டும்.

திருப்பூர் அண்ணன்: தங்கச்சி, துணிக்கு ஏன் கவலைப்படுகிறாய்? இங்கே பனியன் கம்பெனிகளில் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது; அத்தனையும் நல்ல பருத்தி. ஒரு பெட்டி அனுப்பட்டுமா?

நான்: அண்ணா, உங்கள் அன்புக்கு மிகவும் நன்றி. ஆனால் அது பின்னல் துணி, இழுத்தால் நீளும். புதிதாகக் கற்கிறவர் அதை நெய்த துணியோடு சேர்த்து மிஷினில் ஓட்டினால் ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் சுருங்கி, சதுரம் சாய்சதுரமாகிவிடும். உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது சட்டைத் துணித் துண்டுகள் இருந்தால், பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையாதவையாக எடுத்து வையுங்கள். அம்மா அடுத்த மாதம் வரும்போது கொண்டுவரட்டும்.

சித்தி (ஹூப்ளி): என்னிடம் பழைய காட்டன் சேலைகளும், தாத்தாவின் கட்டம் போட்ட கைலிகளும் இருக்கின்றன. சேலைத் துணி உதவுமா?

நான்: கைலிகள் மிகவும் உதவும், சித்தி, நெசவு நெருக்கமாக இருக்கும். சேலைத்துணி மெல்லியதாக வழுக்கிக்கொண்டு ஓடுவதால் இவர்களுக்கு முதல் போர்வையில் அது வேண்டாம். இரண்டிலும் சாயத்தை மட்டும் சோதித்துவிடுங்கள். 1950களிலும் 60களிலும் நம் மெட்ராஸ் செக் துணி இந்த நாட்டில் பெயர் பெற்றதே சாயம் கசிந்து நிறங்கள் ஒன்றோடொன்று கலந்ததால்தான். ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ என்றே சொல்லி விற்றார்கள். சட்டையில் அது அழகாக இருந்திருக்கலாம். ஆனால் அகதி முகாமில் முதல் முறை துவைக்கும்போது வெள்ளைக் கட்டமெல்லாம் சிவந்துபோனால் நன்றாக இராது. வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள்.

சித்தி: அப்படியே செய்கிறேன். சேலைத்துணியைப் பற்றிச் சொன்னாயே, இங்கே பக்கத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான ‘சித்தி’ என்ற இனத்துப் பெண்கள் பழைய சேலை, சட்டைகளை வைத்துக் கவண்டி என்ற போர்வை தைப்பதைப் பார்த்திருக்கிறேன். மிஷினே கிடையாது, ஓரத்திலிருந்து தொடங்கித் துண்டு துண்டாக வைத்து, ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே நடுவுக்கு வருகிறார்கள். மூலைகளில் சின்ன முக்கோணத் துணிகளைப் பூப்போல வைக்காவிட்டால் போர்வை முழுமையாகாது என்பார்கள். மிஷினைக் கண்டு பயப்படுகிறவர் உன் வகுப்பில் இருந்தால் அவருக்குக் கைத்தையல் கொடுக்கலாமே.

நான்: நல்ல யோசனை, சித்தி. கை நடுங்கும் வயதான ஒருவர் மிஷின் அருகிலேயே வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு என்ன வேலை தருவது என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. துணிகளை நிறம் பார்த்துத் தரையில் அடுக்குவதை அவரிடம் விடப்போகிறேன். வெளிர் நிறமும் அடர் நிறமும் மாறி மாறி வருகிறதா என்று பார்க்க நல்ல கண் வேண்டும், அது அவரிடம் இருக்கிறது.

பெரியம்மா: நீ இன்னும் முக்கியமான ஒன்றைச் சொல்லவில்லை. எட்டுப் பேர் எட்டு விதமாகக் கால் அங்குலம் விட்டால் என்ன செய்வாய்?

நான்: அதுதான் முதல் வகுப்பின் பாதி நேரம், பெரியம்மா. நம் தையற்காரர் கணக்கில் கால் அங்குலம் என்பது இரண்டு நூல். ஒருவர் அரை நூல் கூடுதலாக விட்டுத் தைத்தால் ஒவ்வொரு இணைப்பிலும் இரு பக்கமுமாக ஒரு நூல் போய்விடுகிறது. ஆறு சதுரம் கொண்ட வரிசையில் ஐந்து இணைப்பு, ஆக ஐந்து நூல் குறையும். ஒரே ஆள் முழுப் போர்வையையும் அப்படித் தைத்தால் போர்வை சற்றுச் சிறிதாகும், அவ்வளவுதான். ஆனால் ஒருவர் தைத்த வரிசையை இன்னொருவர் தைத்த வரிசையோடு சேர்க்கும்போது மூலைகள் எதுவும் பொருந்தாது. அங்கேதான் புதியவர்கள் மனம் உடைந்துபோகிறார்கள்.

ஆகவே போர்வைத் துணியைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் ஒன்றரை அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளைக் கொடுப்பேன். அவற்றைப் பக்கம் பக்கமாகத் தைத்து அயர்ன் செய்து, நடுப்பட்டையை அளக்க வேண்டும். சரியாக ஒரு அங்குலம் இருந்தால் அந்த மிஷினுக்கு அந்தக் கை பொருந்திவிட்டது என்று பொருள். குறைந்தாலோ கூடினாலோ துணியின் ஓரத்துக்கு வழிகாட்டியாக மிஷின் தட்டில் ஒட்டிய டேப்பை நகர்த்தி, மறுபடியும் தைக்க வேண்டும்.

பெரியம்மா: இதைக் கேட்ட பிறகு என் மனம் தெளிந்தது. அயர்ன் செய்யும்போது தேய்க்கக் கூடாது, வைத்து வைத்து எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடு. தையல் மடிப்பை ஒரு வரிசையில் வலப்பக்கமும் அடுத்த வரிசையில் இடப்பக்கமும் சாய்த்தால், சேர்க்கும் இடத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், தடிப்பும் விழாது.

கோவை அண்ணி: எனக்கு ஒரு சந்தேகம். மூன்று அடுக்கையும் சேர்த்து மேலே நெருக்கமாகத் தையல் ஓட்டினால்தானே அது குவில்ட்? புதியவர்களால் அது முடியுமா?

நான்: முடியாது, அண்ணி, அவ்வளவு பெரிய துணியைச் சாதாரண மிஷினின் கழுத்துக்குள் நுழைத்துத் தைப்பது பழகியவர்களுக்கே சிரமம். அதனால் முடிச்சுப் போடும் முறையை எடுத்திருக்கிறேன். முதலில் பஞ்சு விரிப்பின் மேல் பெட்ஷீட்டை நல்ல பக்கம் மேலே தெரியும்படி விரித்து, அதன்மேல் சதுரங்கள் தைத்த துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, சுற்றிலும் தைத்து, புரட்ட வசதியாக ஒரு பெரிய வாய் விட்டுத் தலையணை உறையைப் போலப் புரட்டிவிட வேண்டும். பிறகு தடித்த பருத்தி நூலை மூன்று அடுக்கிலும் இறக்கி ஏற்றி, வலதை இடதின்மேலும் அடுத்து இடதை வலதின்மேலும் போட்டு முடிந்தால் அவிழாது. சதுரங்கள் சந்திக்கும் இடங்களில் 35, ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒன்றாக 48, மொத்தம் 83 முடிச்சு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய ஏழு அங்குலம்தான் இடைவெளி என்பதால் துவைத்தாலும் பஞ்சு உருண்டு ஒதுங்காது.

முடிச்சுப் போட்டது தாழ்ந்தது என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. நெருக்கமாகத் தைத்தது அழகுதான், அதையும் பின்னால் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் எட்டுப் பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேலை இந்த முடிச்சு வேலைதான். மிஷினுக்கு முன்னால் ஒருவருக்குத்தான் இடம்.

பெரியம்மா: கை நடுங்குகிறவருக்கு?

நான்: நூல் இறக்குவதை வேறொருவர் செய்யட்டும், முடிச்சை இறுக்குவதற்கு அவர் கை போதும்.

பெரியம்மா: அப்படியென்றால் சரி. வெட்டும் கருவியைப் பற்றி மட்டும் கண்டிப்பாக இரு. பீட்சா வெட்டுவதுபோல் உருளும் அந்தச் சக்கரக் கத்தியைப் போன முறை வந்தபோது காட்டினாயே, எனக்கே பயமாக இருந்தது.

நான்: ரோட்டரி கட்டரை முதல் நாள் நானும் இன்னொரு பழகியவரும் மட்டுமே பயன்படுத்துவோம். இரண்டாம் வாரத்திலிருந்து, வெட்டி முடித்த உடனே மூடியைப் போட்ட பிறகுதான் கையிலிருந்து கீழே வைக்க வேண்டும் என்ற ஒழுங்கோடு ஒவ்வொருவராகப் பழகுவார்கள்.

திருப்பூர் அண்ணன்: சட்டைத் துணிக்கு ஒருவரிடம் பேசிவிட்டேன். கட்டம், கோடு, வெற்று என்று மூன்றும் தருவார். அம்மாவின் பெட்டியில் எத்தனை கிலோ இடம் இருக்கும்?

நான்: ஐந்து கிலோ கேட்டுப் பாருங்கள், அண்ணா. அடர் நீலமும் பழுப்பும் கூடுதலாக இருந்தால் நல்லது. இங்கே நன்கொடையாக வந்தவை பெரும்பாலும் வெளிர் நிறங்கள்.

பெரியம்மா: முதல் வகுப்பு முடிந்ததும் மூன்று பட்டைகளையும் படமெடுத்து அனுப்பு. முன்பக்கம் வேண்டாம், பின்பக்கத்தைக் காட்டு, அளவுகோலை மேலே வைத்து.