வெக்டரா, பிட்மேப்பா? ராயபுரம் ஸ்டேஷன் அனிமேஷனில் ஜூம் போனால் மேப் உடைகிறது

பழைய_வண்ணை:
எல்லோருக்கும் வணக்கம். ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி ஒன்றரை நிமிட மோஷன் கிராபிக்ஸ் செய்துகொண்டிருக்கிறேன். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. எங்கள் ஏரியா பசங்களுக்கே அது தெரியவில்லை. அதனால் இதை நன்றாகச் செய்ய ஆசை.

வேலை ஃப்ளெக்ஸ் கடையில். படம் வரைகிற கோரல் டிரா கைவந்த பழக்கம், படத்தை அசைய வைக்கிற ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் புதுசு. கையில் இருப்பது இரண்டு. வடசென்னைக் கடற்கரை மேப் ஒன்று, கோரலில் வரைந்து ஏஐ (அடோபி இல்லஸ்ட்ரேட்டர்) ஃபைலாக எடுத்தது. ஸ்டேஷன் முகப்பு இன்னொன்று, நண்பர் ஏ4 தாளில் வாட்டர்கலரில் போட்டது, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்திருக்கிறேன்.

மேப்பை 100-லிருந்து 600 சதவீதத்துக்கு ஜூம் செய்தால் கோடெல்லாம் உடைகிறது. பிட்மேப் மாதிரி பிக்சலால் ஆனதில்லையே, கணக்கால் வரைகிற வெக்டர்தானே, ஏன் உடையணும்? ஜூமுக்கு ஏற்ப வெக்டரைத் திரும்ப வரைகிற, சூரியன் மாதிரி இருக்கும் அந்த லேயர் ஸ்விட்சும் ஆனில்தான் இருக்கிறது. கடையில் ஒருத்தர், பெயின்டிங்கையும் டிரேஸ் போட்டு (சாஃப்ட்வேரே ஓரங்களைக் கோடாக்குவது) வெக்டர் ஆக்கிவிடு என்கிறார். ஆக்கலாமா?

திருவொற்றியூர்_கட்:
முதலில் பிரிவியூ ரெசல்யூஷன் ஹாஃபிலோ குவார்ட்டரிலோ இருக்கிறதா பாருங்கள். ஃபுல் வைத்து, வியூவரை 100 சதவீதத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதிலும் உடைந்தால் ஒரு கேள்வி: மேப் நேராக மெயின் காம்ப்பில் (முழுக் காட்சியும் சேர்கிற காம்போசிஷன்) இருக்கிறதா, இல்லை பிரீகாம்ப்புக்குள் (அதற்குள் ஒரே லேயராக வைக்கிற இன்னொரு காம்ப்) போட்டு, பிரீகாம்ப்பை ஜூம் செய்கிறீர்களா?

பழைய_வண்ணை:
பிரீகாம்ப்தான் ப்ரோ. ஊர்ப் பெயர், ஸ்டேஷன் புள்ளி எல்லாம் சேர்த்து ஒன்றாகப் போட்டிருக்கேன்.

திருவொற்றியூர்_கட்:
அதுதான் விஷயம். உள்ளே ஏஐ லேயரில் ஸ்விட்ச் போட்டது சரி. ஆனால் பிரீகாம்ப் தன் சைஸில் மேப்பை பிக்சலாக மாற்றிய பிறகுதான் வெளியே அனுப்பும். வெளியே அதை 600-க்கு இழுத்தால் பிக்சலைத்தான் இழுக்கிறீர்கள். மெயின் காம்ப்பில் அந்த பிரீகாம்ப் லேயருக்கும் அதே சூரியன் ஸ்விட்சைப் போடுங்கள். இரண்டு இடத்திலும் ஆன் ஆகணும்.

பழைய_வண்ணை:
போட்டேன், கோடு கத்தி மாதிரி வந்துவிட்டது! ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு பாக்கி. கரையோரம் கோரலில் கொடுத்த நிழல் மட்டும் மங்கலாகவே இருக்கு. ஸ்டேஷன் புள்ளியைச் சுற்றிக் கொடுத்த ஒளி, அதாவது குளோ, ஜூம் போகப்போக மெலிந்துபோகிறது.

கொருக்குப்பேட்டை_டிசைன்:
தம்பி, நானும் கோரல் ஆள்தான். டிராப் ஷேடோ எக்ஸ்போர்ட் ஆகும்போது பிட்மேப்பாகத்தான் போகும். ஃபைல் ஏஐ என்பதற்காக உள்ளே இருப்பதெல்லாம் வெக்டர் ஆகிவிடாது. ஜேபெக் வைத்து ஏஐயாகச் சேமித்தால் அதுவும் ஜேபெக்தான். நிழலைக் கோரலில் எடுத்துவிட்டு ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலேயே போடு.

குளோவுக்குக் காரணம் வேறு. சாதாரணமாக மாஸ்க், பிறகு எஃபெக்ட், கடைசியில் ஸ்கேல் என்று கணக்கு ஓடும். அந்த ஸ்விட்ச் போட்ட வெக்டர் லேயரில் ஸ்கேல் முந்திக்கொள்ளும், எஃபெக்ட் பிறகு வரும். அதனால் புள்ளி ஆறு மடங்கு பெருசாகும், குளோ ரேடியஸ் போட்ட அளவிலேயே நிற்கும். ரேடியஸுக்கும் கீஃப்ரேம் (எந்த நேரத்தில் என்ன அளவு என்ற குறி) போடு: தொடக்கத்தில் 10 என்றால் முடிவில் 60.

ரயில் பாதை வரைந்துகொண்டே போகிற மாதிரி காட்டப்போகிறாயா? அப்படியானால் அந்தக் கோட்டை மட்டும் தனி லேயராகக் கொண்டுவந்து, கிரியேட் ஷேப்ஸ் ஃப்ரம் வெக்டர் லேயர் கொடுத்து, கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுகிற டிரிம் பாத்ஸ் போடு. ஒன்று கவனி. கட்டிங்குக்கு அனுப்பும்போது செய்வோமே, அவுட்லைனை ஆப்ஜெக்டாக மாற்றுவது, அதை இங்கே செய்யாதே. செய்தால் கோடு நடுவில் ஓடாமல், தன் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு வரும். ஸ்ட்ரோக்காகவே, அதாவது வெறும் கோடாகவே விடு. தமிழ் எழுத்தை மட்டும் வழக்கம்போல கர்வ் (ஃபான்ட் தேவைப்படாத வெக்டர் வடிவம்) ஆக்கிக் கொண்டுவா.

பெரம்பூர்_தூரிகை:
பெயின்டிங்கை டிரேஸ் போடாதீர்கள் தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன். ஈரத்தில் சிவப்பு பரவி ஓரத்தில் தேங்கி நிற்கிற கோடு, தாளின் சொரசொரப்பு, இதெல்லாம்தான் வாட்டர்கலர். டிரேஸ் அதைத் தட்டையான துண்டு துண்டாக வெட்டிவிடும். அதோடு ஆயிரக்கணக்கில் நோடு (கோடு வளைகிற புள்ளி) விழும், மெஷினும் இழுக்கும். அது பிட்மேப்பாகவே இருக்கட்டும்.

பார்க்க வேண்டியது பிக்சல் கணக்கு. ஏ4 படுக்கை வாட்டில் 300 டிபிஐ என்றால் 3508 பிக்சல் அகலம். உங்கள் ஃபிரேம் 1920. முழுப் படமும் தெரிகிற நிலையிலிருந்து சுமார் 1.8 மடங்குவரை உள்ளே போகலாம், அதற்கு மேல் மங்கும். கேமரா எவ்வளவு உள்ளே போகிறது?

பழைய_வண்ணை:
தூணின் தலைப்பகுதிவரை அக்கா. மூன்று மடங்கு இருக்கும்.

பெரம்பூர்_தூரிகை:
அப்படியென்றால் 5760 பிக்சல் வேண்டும். 600 டிபிஐயில் திரும்ப ஸ்கேன் செய்யுங்கள், 7016 கிடைக்கும்.

திருவொற்றியூர்_கட்:
அக்கா சொல்வது சரி, ஆனால் ரேம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளணும். 7016-க்கு 4960 என்றால் ஒரு படமே 8 பிட் நிறத்தில் சுமார் 139 எம்பி மெமரி பிடிக்கும், 16 பிட்டில் இரண்டு மடங்கு. இதில் படத்தில் இருக்கிற ஆளையும் கொடியையும் தனி லேயராகப் பிரித்தால் 8 ஜிபி மெஷின் திணறும். நான் செய்வது, அகலக் காட்சிக்கு 300 ஸ்கேன், தூண் பகுதியை மட்டும் 600-லிருந்து வெட்டி அதே இடத்தில் மேலே பொருத்தி, ஜூம் பாதியில் இருக்கும்போது ஒப்பாசிட்டியைக் கூட்டி (மேலே உள்ளதை மெதுவாகத் தெரியவைத்து) மாற்றிவிடுவது.

பழைய_வண்ணை:
என்னிடம் 8 ஜிபிதான். அப்படியே செய்கிறேன். ஸ்கேன் கடையில் என்ன சொல்லணும்?

பெரம்பூர்_தூரிகை:
இரண்டு ஸ்கேனையும் ஒரே உட்காரலில் எடுக்கச் சொல்லுங்கள், தாளை நகர்த்த வேண்டாம். ஆட்டோ கலரும் ஷார்ப்பனிங்கும் ஆஃப், இல்லாவிட்டால் இரண்டுக்கும் நிறம் ஒத்துப்போகாது, மாறுகிற இடம் கண்ணில் படும். ஜேபெக் வேண்டாம், தரம் குறையாத டிஃப் ஃபைலாக வாங்குங்கள்.