குவெட்டாவைத் தமிழில் எப்படி எழுதுவது?

காரைக்குடி மக்களே, ஒரு சின்ன உதவி வேண்டும். பள்ளத்தூரில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்காக அளவு முன்னொட்டுகளை (கிலோ, மில்லி மாதிரி அலகுக்கு முன்னால் சேர்ப்பவை) ஒரு சார்ட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மில்லி, மைக்ரோ, நானோ, பிக்கோ வரை தடங்கல் இல்லை, ஒவ்வொன்றும் முந்தையதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். 2022 நவம்பரில் புதிதாகச் சேர்த்த நான்கில்தான் மாட்டிக்கொண்டேன். பெரிய பக்கம் ரோன்னா (1-க்குப் பின் 27 சுழியம்), குவெட்டா (30 சுழியம்), சின்ன பக்கம் ரோண்டோ, குவெக்டோ. குவெட்டா என்று எழுதினால் அது பாகிஸ்தானில் இருக்கிற ஊராச்சே என்கிறாள் ஒரு வாண்டு! க்வெட்டா என்று எழுதலாமா? பாடப்புத்தகம் எதிலாவது பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், பூமியின் எடை சுமார் 6 ரோன்னாகிராம் என்றதும் பிள்ளைகள் வாயைப் பிளந்துவிட்டார்கள். அதேபோல் சின்ன பக்கத்துக்கு நம் பழைய தமிழ்ப் பின்னக் கணக்கையும் சேர்க்க ஆசை. முந்திரி 320-இல் ஒன்று, கீழ்முந்திரி 1,02,400-இல் ஒன்று, அதாவது கிட்டத்தட்ட 10 மைக்ரோ. வீட்டில் பழைய வட்டிக் கணக்கு ஏடு வைத்திருப்பவர்கள் இந்தப் பின்னங்களின் குறிகள் உள்ள ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போட முடியுமா? பெயர், தொகை எல்லாம் மறைத்துவிட்டே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் ரொம்ப நல்லது.