மல்லார்டின் 126 மைல்: ரயில் விளையாட்டுகள் வரலாற்றைச் சொல்கின்றனவா, சுருக்கிவிடுகின்றனவா?

கரித்துண்டு:
கணினியில் ஆடும் ரயில் விளையாட்டுகள்தான் பழைய நீராவி இன்ஜின்களின் வரலாற்றைக் காப்பாற்றுகின்றன என்று இங்கே பலரும் சொல்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேகச் சாதனை படைத்த பிரிட்டிஷ் நீராவி இன்ஜின் மல்லார்டையே எடுங்கள். விளையாட்டில் அது ஒரு படம், பக்கத்தில் உச்ச வேகம் மணிக்கு 126 மைல், முடிந்தது. 1938 ஜூலை 3 அன்று இங்கிலாந்தின் ஸ்டோக் சரிவில் ஏழு பெட்டிகளோடு இறக்கத்தில் ஓடித்தான் அந்த வேகம் வந்தது, நடு சிலிண்டரின் பெரிய பேரிங் சூடேறிப் போய் பீட்டர்பரோவில் இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டித்தான் ரயில் லண்டன் போய்ச் சேர்ந்தது. வடிவமைத்த கிரெஸ்லியே 126 என்ற எண்ணை ஒப்புக்கொள்ளவில்லை, சில கஜ தூரத்துக்கு மட்டும் வந்திருக்கலாம் என்பது அவர் எண்ணம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ரயில் பத்திரிகைகளைப் படித்துத்தான்.

ரெகுலேட்டர்:
பத்திரிகையை ரொம்பத் தூக்கிப் பிடிக்காதீர்கள் நண்பரே. இந்த வேகப் பித்தைக் கிளப்பிவிட்டதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. 1904 மே 9, சிட்டி ஆஃப் ட்ரூரோ என்ற பிரிட்டிஷ் நீராவி இன்ஜின். வண்டியில் உட்கார்ந்து நேரம் குறித்தவர் ரூஸ்-மார்ட்டன், தி ரயில்வே மேகசீனில் இன்ஜின் ஓட்டங்களைப் பற்றித் தொடர் எழுதிய அதே ஆள். கையில் ஒரு ஸ்டாப்வாட்ச், கால் மைலுக்கு 8.8 வினாடி, கணக்குப் போட்டால் மணிக்கு 102.3 மைல். அது 9 வினாடியாக இருந்தால் சரியாக 100. இன்னொரு 0.2 வினாடி கூடினால் 98-க்கும் கீழே போய்விடும். கட்டைவிரல் கொஞ்சம் அசந்தால் சாதனையே காலி! இதை வைத்து எத்தனை வருடம் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டார்கள்.

கரித்துண்டு:
சண்டை போட்டார்கள் இல்லையா, அதைத்தான் நானும் சொல்கிறேன். பத்திரிகையில் சந்தேகத்துக்கு இடம் இருந்தது. விளையாட்டில் எங்கே இருக்கிறது?

ரெகுலேட்டர்:
சந்தேகம் இல்லை, சரி. ஆனால் வேலை இருக்கிறது. 2001-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரில் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் என்ற நீராவி இன்ஜினை வட இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் பாதை ஏற்றத்தில் ஓட்டித் திணறிய பிறகுதான் எனக்கு கட்-ஆஃப் என்றால் என்னவென்றே புரிந்தது. கிளம்பும்போது பிஸ்டன் நகரும் தூரத்தில் பெரும்பகுதிக்கு நீராவியை விடவேண்டும், வேகம் பிடித்ததும் ரிவர்ஸர் என்ற கட்டுப்பாட்டைப் பின்னுக்கு இழுத்து அதைக் கால் பங்கு அளவுக்குக் குறைக்கவேண்டும், உள்ளே போன நீராவி விரிந்தே மீதி வேலையைச் செய்துகொள்ளும். குறைக்காமல் ஓட்டினால் பாய்லர் அழுத்தம் கண்ணெதிரே சரியும். கட்டுரையில் பல தடவை படித்தும் மண்டையில் ஏறாதது அங்கே ஏறியது. அப்புறம் புகழ்பெற்றதை மட்டும்தான் போடுகிறார்கள் என்றும் சொல்லமுடியாது, ட்ரெயின் சிம் வேர்ல்ட் விளையாட்டில் 2022-ல் வந்த லிவர்பூல்–க்ரூ பாதையில் 8எஃப் என்ற நீராவி இன்ஜின் இருக்கிறது. சரக்கு இழுக்கவே 852 செய்யப்பட்ட வகை, எந்தச் சாதனைப் பட்டியலிலும் வராது.

பாயிண்ட்ஸ்மேன்:
நீங்கள் இரண்டு பேரும் ஓட்டுகிற விளையாட்டிலேயே நிற்கிறீர்கள். போக்குவரத்து நிறுவனம் நடத்தும் விளையாட்டு, 1994-ல் வந்த டிரான்ஸ்போர்ட் டைகூன், என்ன பாவம் செய்தது? அதில் கின்சு ஏ4 என்று ஒன்று வரும், பெயரைப் பார்த்தாலே தெரியும், மல்லார்டும் ஏ4 வகைதான். டீசல் வந்த அன்றே நான் அதை ஈவு இரக்கம் பார்க்காமல் விற்றுவிடுவேன். நிஜத்திலும் அதுதானே நடந்தது? பிரிட்டிஷ் ரயில்வே கட்டிய கடைசி நீராவி இன்ஜின் ஈவினிங் ஸ்டார் 1960-ல் வந்தது, 1965-ல் ஓய்வு. இன்ஜினின் தலையெழுத்தை எழுதுவது கணக்குப் புத்தகம்.

கரித்துண்டு:
அதிலும் பாதிதான் வருகிறது. டைகூனில் இன்ஜின் பழசாகும், அடிக்கடி மக்கர் செய்யும், அதனால் மாற்றுவீர்கள். ஈவினிங் ஸ்டார் ஐந்து வயதில் என்ன பழசு? நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தியது 1955-ல் போட்ட நவீனமயத் திட்டம். டீசலுக்கு மாறுவது என்று எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பிறகும் ஐந்து வருடம் நீராவி இன்ஜின் கட்டிக்கொண்டே இருந்தார்கள்! அந்தக் கூத்தை எந்த மெனுவில் காட்டுவது?

ரெகுலேட்டர், உங்களிடமும் ஒன்று. தானியங்கி ஃபயர்மேனை வைத்துக்கொண்டுதானே ஓட்டுகிறீர்கள்? கரி வாரிப் போட்டே இடுப்பொடிந்தவர்களை ஒரு பொத்தானில் அடக்கிவிட்டு, இன்ஜின் புரிந்தது என்றால் எப்படி? மல்லார்டின் பேரிங்குக்குள் சோம்பு வாசனைக் குப்பி ஒன்றை வைத்திருந்தார்கள், சூடேறினால் உடைந்து மூக்குக்குத் தெரியவேண்டும் என்று. டிரைவர் மூக்கால் கூட ஓட்டிய காலம் அது.

ரெகுலேட்டர்:
வாசனை பத்திரிகைத் தாளிலும் வராது பாஸ். தானியங்கி ஃபயர்மேனை நான் அணைத்துவிட்டேன். நீங்களும் அணைத்து 8எஃப்-ஐ ஒரு தடவை ஓட்டுங்கள், கண்ணாடிக் குழாயில் பாய்லர் தண்ணீர் மட்டத்தை ஒரு கண்ணாலும் சிக்னலை ஒரு கண்ணாலும் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

கரித்துண்டு:
ஓட்டுகிறேன். அதுவரை நீங்கள் இதற்குப் பதில் யோசித்து வையுங்கள். ஜெர்மனியின் 05 002 இன்ஜின் 1936 மே 11 அன்று கிட்டத்தட்டச் சமதளத்தில் மணிக்கு 200.4 கிலோமீட்டர் வேகத்தில் போனது, மல்லார்ட் சரிவில் இறங்கி 203. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளையாட்டு மல்லார்டுக்குத்தான் முதலிடம் கொடுக்கும். சரிவுக்கு ஒரு கட்டம் போட்ட விளையாட்டு ஒன்றைக் காட்டுங்கள்.

பாயிண்ட்ஸ்மேன்:
அப்படி ஒன்று கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள், கின்சுவை விற்ற காசு இருக்கிறது.