எக்ஸ்ட்ராசெல்லுலார் வெசிக்கிள்: 'செல்பொதி' எனலாமா?

வணக்கம். செல்கள் வெளியே விடும், சவ்வால் மூடிய மிகச் சிறிய பைதான் எக்ஸ்ட்ராசெல்லுலார் வெசிக்கிள். இதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்பதுதான் கேள்வி; முன்வைக்கப்படும் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

'புறக்கல நுண்குமிழி' (கலம் என்றால் செல்) சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் பள்ளிப் பாடநூலில் நுண்குமிழி என்றால் வாக்குவோல், அதாவது செல்லுக்குள்ளேயே இருக்கும் சேமிப்புப் பை. போதாக்குறைக்குக் குமிழி என்றதும் காற்றுதான் நினைவுக்கு வருகிறது, இதற்குள் இருப்பதோ புரதமும் ஆர்என்ஏவும்.

'உமிழ்பை' அழகாக இருக்கிறது, ஆனால் துப்பிவிட்ட பொருள் என்ற தொனி ஒட்டிக்கொள்கிறது. பழைய பார்வை அதுதான். 1967இல் பீட்டர் உல்ஃப் ரத்தத் தட்டுகளிலிருந்து வந்த துகள்களைத் 'தட்டணுத் தூசி' என்றார். 1980களில் ரோஸ் ஜான்ஸ்டோன் செம்மறியாட்டின் முதிரும் சிவப்பணுக்களில் கண்டதும் வேண்டாத புரதத்தைக் கழிக்கும் வழியாகவே தோன்றியது. இவை சுமந்துபோகும் ஆர்என்ஏ இன்னொரு செல்லுக்குள் போய் வேலையும் செய்கிறது என்று 2007இல் தெரிந்த பிறகுதான் இதன் மதிப்பே ஏறியது. மருந்தை ஏற்றி அனுப்பும் முயற்சிகளும் இந்தச் சுமக்கும் குணத்தை நம்பித்தான் நடக்கின்றன.

அதனால் நான் 'செல்பொதி' என்கிறேன். பொதி என்றால் சுமை, பொதிதல் என்றால் உள்ளே வைத்து மூடுதல், இரண்டும் இங்கே பொருந்தும். செல்லின் பொதி என்றும் படிக்கலாம், கொல்களிறு போல வினைத்தொகையாக, செல்கின்ற பொதி என்றும் படிக்கலாம். (வேற்றுமைப் புணர்ச்சி என்றால் 'செற்பொதி' ஆக வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: வினைத்தொகையாகவே வைத்துக்கொள்ளுங்கள், வம்பு தீர்ந்தது.) 'கலப்பொதி' வேண்டாம், காதில் கலப்படம் மாதிரி விழுகிறது.

எக்சோசோமையே பொதுப்பெயராக வைக்கலாம் என்பதை நான் ஏற்கவில்லை. அது செல்லுக்குள் எண்டோசோம் என்ற உட்பை வழியாக உருவாகி வெளியேறும் ஒரு வகை மட்டும், சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். செல்சவ்விலிருந்தே மொட்டுவிட்டுப் பிரிபவை வேறு. அழகுக் களிம்புக்காரர்கள் எல்லாவற்றிலும் எக்சோசோம் என்று ஒட்டிவிடுகிறார்கள், நாமும் அந்தக் குழப்பத்தைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டாம். இப்படி விற்கப்படும் சிகிச்சைகளில் எதற்கும் தான் ஒப்புதல் தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019இல் எச்சரித்ததும் நினைவிருக்கட்டும்.

சொல் தாங்குமா என்று துறைவாரியாகப் போட்டுப் பார்த்தேன். தாவரச் செல்பொதி, சரி. சிறுநீர்ச் செல்பொதி, புற்றுநோய்ப் பரிசோதனைக்கு, அதுவும் சரி. பெக்சீரோ என்ற மூளையுறைக் காய்ச்சல் தடுப்பூசியில் இருப்பது பாக்டீரியாவின் 'புறச்சவ்வுச் செல்பொதி', கொஞ்சம் நீளம், ஆனால் புரிகிறது. 'பால் செல்பொதி'தான் இடறுகிறது. 'பாலிலுள்ள செல்பொதிகள்' என்று விரித்து எழுதுவதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை. யாருக்காவது சுருக்கமாகத் தோன்றினால் சொல்லுங்கள்.